ஓர் எண்ணுக்கு ஓர் இடம்: அறிக்கை எழுதும் ஆசிரியர்களோடு ஒரு வழக்கு



பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம் நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் விந்தையான உழைப்பு ஒன்று நடைபெறுகின்றது. மாணவர் எண்ணிக்கை, சங்கத்தின் வரவு செலவு, வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலைகள் ஆகிய யாவும் ஏற்கெனவே எக்செல் விரிதாளில் இருக்கின்றன. கூட்டலும் விழுக்காடும் அங்கேயே போடப்பட்டுவிட்டன. ஆயினும் ஆசிரியர் ஒருவர் மாலை வரை அமர்ந்து, அவ்வெண்களைக் கண்ணால் பார்த்து வேர்ட் ஆவணத்தில் விரலால் மீண்டும் தட்டிக்கொண்டிருக்கிறார். கணினி பள்ளிக்குள் நுழைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே இணைப்புக் கம்பியாக ஓர் ஆசிரியர் நிற்கிறார்! இதனைக் கடமையுணர்வு என்று நாம் மெச்சுகிறோம். நானோ வீண்வேலை என்கிறேன். வீண்வேலை மட்டுமன்று, தீங்கும் கூட.

தீங்கு எவ்வாறு என்று கேட்கலாம். நான் கண்ட ஓர் ஆண்டறிக்கையைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டா. தலைமையாசிரியர் உரையில் மாணவர் 87 பேர். ஏழாம் பக்கத்து அட்டவணையில் 84. பின்னிணைப்பில் 86. மூன்றும் பொய்யல்ல. மூன்றும் வெவ்வேறு நாளில் உண்மையாக இருந்தவை. தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் ராவாங் பக்கம் குடிபெயர்ந்தது, பின்னர் வேறு இரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். விரிதாளில் உடனுக்குடன் திருத்தினார்கள். ஆவணத்தில் ஓரிடத்தில் திருத்தினார்கள், மற்ற இடங்களை மறந்தார்கள். கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "எந்தக் கணக்கு சரி? பிள்ளைகள் போவதை மறைக்கிறீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அன்று அந்தக் கூட்டத்தில் அதை யார் நம்பினார்கள்?

எங்கோ ஒரு பெரிய நகரப் பள்ளியில் 1,200 மாணவருள் மூவர் கூடினாலும் குறைந்தாலும் எவரும் கவனியார். கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் நிலைமை வேறு. இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். (இவரே பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் பெற்றார் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.) இரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களிலெல்லாம் வேலைக்கு வேண்டிய கைகள் குறைந்தன, லயன் வீடுகள் காலியாயின, நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியது. பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஆசிரியர் நியமனம் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. பள்ளியை இடம் மாற்றுவதா, இணைப்பதா என்ற பேச்சு எழும்போது முதலில் மேசைக்கு வருவதும் அந்த எண்தான். நமக்கு மூன்று பிள்ளைகள் என்பது மூன்று பிள்ளைகள் அல்ல, வாதத்தின் பாதி.

தோட்டத்துக் கிராணியார் இதை நம்மைவிட நன்கு அறிந்திருந்தார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் வந்ததைப் பதிவது செக்ரோலில். சம்பளம் போடுவது அந்தச் செக்ரோலைக் கொண்டு. சம்பளத்தில் ஐயம் வந்தால் விரித்துப் பார்ப்பதும் அதே செக்ரோலை. ஆளுக்கொரு தாளில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால் மாதக் கடைசியில் ஆபீஸ் வாசலில் என்ன நடந்திருக்கும்? நம் தாத்தாக்களின் கூலிக்குக் கிடைத்த அந்த ஒழுங்கு, பேரப்பிள்ளைகளின் பள்ளி அறிக்கைக்குக் கிடைக்கவில்லை.

கணினியில் அந்த ஒழுங்கைக் கொண்டுவரும் வழி புதியதன்று. ஓ.எல்.இ. என்னும் இணைப்பு நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. எக்செலில் வேண்டிய கட்டத்தைத் தேர்ந்து காப்பி செய்யுங்கள். வேர்டில் வழக்கம்போல் ஒட்டாமல் 'பேஸ்ட் ஸ்பெஷல்' என்பதைத் திறந்து 'பேஸ்ட் லிங்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வாக்கியத்தின் நடுவே வரும் ஒற்றை எண்ணாயின் 'அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்' என்ற வகை போதும். சுற்றியுள்ள எழுத்தின் வடிவத்தையே அதுவும் ஏற்கும். முழு அட்டவணையாயின் 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்'. அதன்பின் விரிதாளில் 84ஐ 86 ஆக்கிச் சேமித்து, ஆவணத்தில் அனைத்தையும் தேர்ந்து எஃப்9 விசையை அழுத்தினால், இணைத்த இடமெல்லாம் 86 ஆகிவிடும். கூகள் டாக்ஸில் எழுதுவோர் கூகள் விரிதாளின் அட்டவணையை இணைப்போடு ஒட்டலாம். விரிதாள் மாறியதும் புதுப்பிக்கும் பொத்தான் தோன்றும். அவ்வளவுதான். இதற்கு நிரலாளர் தேவையில்லை.

"இணைப்பு அறுந்துவிடும் ஐயா" என்பார்கள். உண்மை, அறும். வேர்ட் அந்தக் கோப்பின் முழு முகவரியையும் நினைவில் வைத்திருக்கிறது. பென்டிரைவில் ஏற்றி வேறு கணினியில் திறந்தால் வழி மாறிவிடும். 'எடிட் லிங்க்ஸ்' பகுதிக்குச் சென்று 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து மீண்டும் காட்ட வேண்டும். ஆனால் அறுந்த இணைப்பை ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். ஏழாம் பக்கத்தில் மறந்துபோன பழைய எண்ணோ, யாராவது கூட்டத்தில் எழுந்து கேட்கும் வரை தெரியவே தெரியாது.

இதனினும் ஆபத்தான பொறி ஒன்றுண்டு. இணைப்பை எதிர்ப்போர் யாரும் அதைச் சொல்லக் காணேன். இணைப்பு இத்தனையாவது வரிசை, இத்தனையாவது நிரல் என்று இடத்தைத்தான் நினைவில் கொள்கிறது. ஆவணம் மூடியிருக்கும்போது விரிதாளின் நடுவில் ஒரு மாணவருக்காகப் புதிய வரிசையைச் செருகினால், மொத்தம் ஒரு வரிசை கீழே இறங்கிவிடும். ஆவணமோ பழைய இடத்திலுள்ள வேறோர் எண்ணைக் கூச்சமின்றி எடுத்து வரும். ஆகவே பெயர்ப்பட்டியலிலிருந்து நேராக இணைக்காதீர்கள். அதே கோப்பில் 'தொகுப்பு' என்று தனித் தாள் ஒன்று வையுங்கள். அங்கே ஒரு கட்டத்தில் மொத்தம், ஒரு கட்டத்தில் ஆண், ஒரு கட்டத்தில் பெண் என்று வாய்பாட்டால் வரவழையுங்கள். அந்தத் தாளில் எவரும் வரிசை செருகக் கூடாது. அறிக்கைக்குப் போகும் எண் யாவும் அங்கிருந்தே போகட்டும்.

சிலர் இணைப்பதாக எண்ணிக்கொண்டு 'எக்செல் வொர்க்ஷீட் ஆப்ஜெக்ட்' என்பதைத் தேர்ந்து, இணைப்பின்றி ஒட்டிவிடுகிறார்கள். இதனை நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். பார்வைக்கு ஆறு வரி அட்டவணை. உள்ளே முழு விரிதாளும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆவணத்தைப் பெற்ற எவரும் அட்டவணையை இருமுறை சொடுக்கினால் மற்ற தாள்களும் திறக்கும்: பெற்றோரின் வருமானம், அடையாள அட்டை எண், கூடுதல் உணவுத் திட்டத்துக்குத் தேர்வான பிள்ளைகளின் பெயர்கள். வாட்ஸ்ஆப் குழுவில் ஆவணத்தை அப்படியே போட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உள்ளது. ஒரு தாயின் மாத வருமானம் தோட்டம் முழுதும் தெரிந்துபோனால் அதற்கு யார் பொறுப்பு? வெளியே அனுப்புமுன் 'பிரேக் லிங்க்' கொடுங்கள், அனுப்புவது பி.டி.எஃப். ஆகவே இருக்கட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டத்தில் ஏற்கப்பட்டுக் கையொப்பமிட்ட அறிக்கை அன்றைய எண்களோடு உறைந்து நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு விரிதாளைத் திருத்தும்போது சென்ற ஆண்டின் அறிக்கையும் சேர்ந்து மாறினால் அதற்கு அறிக்கை என்று பெயரில்லை.

"நம்முடையது சிறிய பள்ளி, 80 பிள்ளைகளுக்கு இவ்வளவு தேவையா?" என்பது மற்றொரு வாதம். பெரிய இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2012இல் ஜேபி மோர்கன் வங்கி ஒரே வணிகப் பிரிவில் ஆறு பில்லியன் டாலருக்கும் மேல் இழந்தது. 2013 சனவரியில் அவ்வங்கியே வெளியிட்ட விசாரணை அறிக்கை, இழப்பு அபாயத்தைக் கணக்கிடும் அவர்களது முறை பல எக்செல் தாள்களைச் சார்ந்திருந்தது என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்களைக் கையால் காப்பி செய்து ஒட்டினார்கள் என்றும் சொல்கிறது. இழப்புக்கு அதுவே முழுக் காரணம் அன்று. ஆனால் பட்டம் பெற்ற நிபுணர்களும் சரிபார்க்கத் தனிப் பிரிவும் இருந்த இடத்திலேயே கையால் ஒட்டுவது குறையாகப் பதிவானது. சிறிய பள்ளியில் சரிபார்க்க யார் இருக்கிறார்? வகுப்பாசிரியர், தரவு ஆசிரியர், சங்கச் செயலாளர், விளையாட்டுப் பொறுப்பாளர் எல்லாம் ஒரே ஆள். சிறிய பள்ளிக்குத்தான் இது முதலில் தேவை.

குற்றம் ஆசிரியர்களுடையது மட்டும் அன்று. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற திட்டத்தோடு மடிக்கணினிகள் வந்தன, பயிற்சிகளும் வந்தன. அன்று தொட்டு நான் கண்ட பயிற்சிகளில் பாதிக்கு மேல் எழுத்தைச் சுழலவிடுவதும் படத்தைப் பறக்கவிடுவதும்தான். ஒரே எண்ணை ஐந்து படிவங்களில் கேட்கும் மேலிடத்துக்கும், அந்த எண் ஓரிடத்திலிருந்து வருவதற்கான வழியைக் கற்றுத்தரத் தோன்றவில்லை. படிவத்தைக் குறைக்க நம்மால் இயலாமல் போகலாம். தொகுப்புத் தாள் அமைக்க எவர் அனுமதியும் வேண்டா. ஒரு சனிக்கிழமைக் காலை போதும்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டறிக்கை உங்கள் கைக்கு வந்ததும் தலைமையாசிரியர் உரையிலுள்ள மாணவர் எண்ணிக்கையையும் பின்னிணைப்பிலுள்ளதையும் ஒத்துப் பாருங்கள். வேறுபட்டால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தட்டச்சு செய்தவரைக் கடிந்துகொள்ள வேண்டா. இந்த எண் எந்தக் கோப்பிலிருந்து வந்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று மட்டும் கேளுங்கள்.