படிப்பாரற்ற நூலும் மறைந்த நூலே

ஆண்டு முடியுந் தறுவாயில், கடந்த பன்னிரு திங்களில் தாம் படித்தவற்றுள் தமக்குப் பிடித்த நூல்கள் இவையிவை என்று பட்டியலிட்டுக் காட்டும் வழக்கம் சென்னையில் வேரூன்றி வருகின்றது. இதழ்களும் பெயர்பெற்றாரைக் கேட்டு அப் பட்டியல்களை வெளியிடுகின்றன. நல்ல வழக்கமே. நூலைப் பற்றிப் பேசாத ஊரினும் பேசும் ஊர் மேலானது. ஆயினும் திருமயிலை, தியாகராயர் நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் கற்றறிந்த குடும்பங்களின் பட்டியலைக் கையிலெடுத்துப் பார்ப்பார்க்கு ஓர் உண்மை உடனே புலப்படும். பெரியவர்க்கென்று குறித்த பகுதியில், ஆங்கில நூல்களுக்கிடையே இரண்டொரு தமிழ் நூல்கள் தலைகாட்டும். சிறுவர்க்கென்று குறித்த பகுதியிலோ பெரும்பாலும் தமிழே இராது. இருப்பினும் கடன் கழித்தாற்போல் ஒன்று கடைசியில் நிற்கும். தந்தையின் பட்டியலில் மெலிந்த தமிழ் மகனின் பட்டியலில் இல்லாது போனால், பெயரனின் பட்டியலைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

இந் நிலையில், இவ்வாண்டுப் பட்டியலின் தலையில் வைக்கத்தக்க தமிழ் நூல் எது என வினவுவார்க்குக் காட்டத்தக்கது புதிதாய் வந்த நூலன்று. 1959-இல் வெளிவந்த 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்பதே அது. எழுதியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900-இல் திருமயிலையிற் பிறந்து, பள்ளியாசிரியராய்ப் பணியாற்றி, மணஞ் செய்துகொள்ளாது, 1980-இல் மறையுங்காறும் ஆராய்ச்சியே வாழ்வாக இருந்தவர் அவர். பல்கலைக்கழக இருக்கை எதுவும் அவரைத் தேடி வரவில்லை. பகலிற் சிறுவர்க்குப் பாடஞ் சொன்ன அவ் ஆசிரியரே 'பௌத்தமும் தமிழும்', 'சமணமும் தமிழும்', 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்தார். இன்று மயிலையின் மாடவீதிகளில் மாலைதோறும் உலவுவாருள் எத்தனை பேர் அவர் பெயரறிவர்? துணிக்கடையின் பெயர் அறிவர். உணவு விடுதியின் பெயர் அறிவர். அவ்வூர்ப் பெயரையே தம் பெயரின் முன்னே சுமந்து நின்ற புலவரை அறியார்.

அந் நூல் செய்யும் வேலை வியக்கத்தக்கது. இல்லாத நூல்களை அது எண்ணிக் காட்டுகின்றது. இல்லாத நூலை அறிவது எங்ஙனம்? தொல்காப்பியத்திற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், யாப்பருங்கல விருத்தியுரைகாரர் முதலியோர் தத்தம் உரையிடையே எடுத்துக் காட்டும் செய்யுட்கள் பல, இன்று நம் கையிலுள்ள எந்த நூலிலும் காணப்படாதவை. ஒரு பெருங்கட்டடம் இடிந்து மண்ணோடு மண்ணான பின்னும், அதன் செங்கற்கள் அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களிற் பதிந்து கிடப்பதுண்டன்றோ? அத்தகைய செங்கற்களை ஒவ்வொன்றாய்த் தேடியெடுத்து, 'இது இன்ன கட்டடத்தது. அக் கட்டடம் இத்தகையதாய் இருந்திருக்கும்' என்று சொன்னவர் மயிலைப் புலவர். படிக்கப் படிக்க இறும்பூதும் துயரும் ஒருங்கே எழும்.

ஐம்பெருங் காப்பியம் என்று பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். அவ்வைந்தனுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இல்லை என்பதை அப் பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்கின்றனரா? குண்டலகேசியில் எஞ்சியவை 19 செய்யுட்கள். வளையாபதியில் எழுபதைச் சற்றே கடந்தவை. மூவேந்தரைப் பாடிய முத்தொள்ளாயிரத்தில் நமக்குக் கிடைப்பன நூற்றுச் சில பாக்களே. அவையும் புறத்திரட்டு என்னும் பழந்தொகை நூலொன்று காத்துத் தந்தமையாற் கிடைத்தவை. அத் தொகையைச் ச. வையாபுரியார் 1938-இல் பதிப்பித்தார். அதியமானின் தகடூரைச் சேரன் முற்றுகையிட்ட போரைப் பாடிய தகடூர் யாத்திரையோ, உரைகளிலும் அப் புறத்திரட்டிலும் சிதறிய துண்டுகளாகவே நிற்கின்றது. இசைக்கும் கூத்துக்கும் இருந்த நூல்களின் இழப்பை நினைப்பின் நெஞ்சு கனக்கும்.

எதனால் மறைந்தன? கறையானைச் சொல்வோம், நெருப்பைச் சொல்வோம், ஆற்றில் விட்ட அறியாமையைச் சொல்வோம். பகைவர் அழித்தனர் என்று கூறிவிட்டால் நம் நெஞ்சு இன்னும் எளிதில் ஆறிவிடும். ஆனால் பனையோலை தன்னியல்பாலேயே நெடுங்காலம் நில்லாதது. சில நூற்றாண்டுகளில் எந்த ஏடும் பொடிந்துவிடும். தொல்காப்பியம் இன்று நம் கையில் இருப்பது, தலைமுறைக்குத் தலைமுறை எவரோ ஒருவர் எழுத்தாணியைக் கையிலெடுத்துப் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியதால். எந்தத் தலைமுறை அவ்வாறு எழுதாமல் விட்டதோ, அத் தலைமுறையோடு நூல் முடிந்தது. அதற்குப் பகைவன் வேண்டியதில்லை. ஒரு தலைமுறையின் புறக்கணிப்பே போதும்.

இக் கருத்தை ஐயுறுவார் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்னும் நூலைக் கையிலெடுக்கலாம். (தலைப்பிலேயே வடசொல்! 'என் வரலாறு' என்றிருப்பின் என்ன குறைந்திருக்கும்? அது நிற்க.) 1940 முதல் 1942 வரை கிழமையிதழில் தொடராக வந்து, 1950-இல் நூலுருப் பெற்றது அது. 1880-இல் குடந்தையில் முறைமன்ற நடுவராயிருந்த சேலம் இராமசாமி முதலியார் தம்மைப் பார்க்க வந்த சாமிநாதையரை, என்னென்ன நூல்கள் படித்துள்ளீர் என்று கேட்கின்றார். மீனாட்சிசுந்தரனாரிடம் முறையாகப் பயின்ற அவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகின்றார். கேட்டவர் முகத்தில் மலர்ச்சியில்லை. இவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்கின்றார். இல்லை. தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் பயின்ற தலைமாணாக்கர் சிந்தாமணியைக் கண்ணாலும் கண்டதில்லை! ஏடு இல்லாமலா? ஏடு இருந்தது, படிப்பாரும் பாடஞ் சொல்வாரும் இல்லை. அவ் வினாவால் உறுத்தப்பட்ட உள்ளமே ஏழாண்டு உழைத்து 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது. அடையாற்றுப் பகுதியினர் நாள்தோறும் கடந்து செல்லும் பெசன்ட் நகரில், 1943-இல் தொடங்கப்பெற்ற அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம், அவர் தேடிய சுவடிகளோடு இன்றும் இருக்கின்றது. கடற்கரைக்குச் செல்லும் வழிதான்.

சற்றுத் தெற்கே தரமணியில் இருப்பது உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பலகையெழுதிப் பிழைத்த ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தமிழ் அச்சு நூல்களே அதன் அடித்தளம். அவர் மறைந்தபின் அத் திரட்டை வாங்கியது கடல்கடந்த சிக்காகோ பல்கலைக்கழகம். 1994-இல் சென்னையில் நூலகமாயிற்று. இதற்கு மகிழ்வதா, நாணுவதா?

அச்சு வந்துவிட்டது, கணினி வந்துவிட்டது, இனி எந் நூலும் மறையாது என்பர் சிலர். நூல் தாளில் இருக்கலாம். மின்வடிவில் ஆயிரம் படிகளாகவும் இருக்கலாம். அதனைப் படிக்கும் கண் இல்லையெனில் சிந்தாமணி ஏடு 1880-இல் இருந்த நிலைதான் அதற்கும். அன்று படியெடுத்தல் எதுவோ, அதுவே இன்று ஒரு பிள்ளை தமிழ் நூலொன்றை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே படித்து முடித்தல். ஆகவே சிறுவர் பட்டியலிற் தமிழ் இன்மை சிறிய செய்தியன்று.

சட்டம் இருக்கின்றதே எனலாம். 2006-இல் இயற்றப்பெற்ற தமிழ் கற்றல் சட்டத்தால், தமிழ் கட்டாயப் பாடமாக முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாய் ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பாடமாகக் கற்பது வேறு. நூலாகப் படிப்பது வேறு. பாடம் தேர்வோடு முடியும். தென்சென்னைப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அரங்கநாதன் தெருவின் கடைப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தும் விடுகின்றனர். ஒரு முழுப் பக்கத்தை நிறுத்தாமற் படிக்கச் சொன்னால் விழிக்கின்றனர். எழுத்தறிந்தும் நூலறியாத இந் நிலைக்குச் சட்டத்தில் மருந்தில்லை.

எனில், பிள்ளை கையில் எதனைக் கொடுப்பது? தேவநேயப் பாவாணரைச் சொல்லாராய்ச்சி வல்லுநராகவே பலரும் அறிவர். அவர் 1954-இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்றொரு நூல் எழுதினார். ஆண்பால் ஆட்டுகள், பெண்பால் ஆட்டுகள், பகலாட்டு, இரவாட்டு என்று பகுத்து, ஒவ்வோர் ஆட்டுக்கும் ஆடுவார் தொகை, ஆடுகருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒழுங்குபட வரைந்து, அவ் ஆட்டின் தோற்றத்தையும் பெயரையும் ஆராய்ந்து செல்வது அந் நூல். சில்லாங்குச்சு, கிளித்தட்டு, சடுகுடு, தட்டாங்கல் எல்லாம் அதில் உண்டு. வேர்ச்சொல் தேடிய பேரறிஞர் தெருப்பிள்ளைகளின் ஆட்டத்தை ஏன் எழுத வேண்டும்? ஆட்டம் அழிந்தால் அதன் சொல்லும் அழியும் என்பதை அவர் அறிந்திருந்தார். சில்லாங்குச்சை அறியாத பிள்ளைக்கு அச் சொல் எதற்கு?

இந் நூலைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. நன்மை கருதித் தமிழ் படி என்றால் பிள்ளை படிக்காது. வெல்ல வேண்டுமென்றால் படிக்கும். அடுக்ககத்தின் ஊர்தி நிறுத்துமிடத்தில் ஞாயிறு மாலை கிளித்தட்டுக்குக் கோடு கிழிக்க வேண்டும். எங்கே நிற்பது, எவரைத் தொட்டால் ஆட்டம் போகும் என்பதில் பூசல் எழும். தீர்ப்பு நூலில் இருக்கின்றது. அப்போது பத்து அகவைப் பிள்ளை எழுத்தெழுத்தாயேனும் படித்துத்தான் ஆக வேண்டும். பாவாணர் நடை சிறுவர்க்குச் செறிவானதே. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நலம். தட்டாங்கல் பகுதிக்கு வந்தவுடன், அதுவரை தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த பாட்டி எழுந்துவந்து நூலைத் திருத்தத் தொடங்கிவிடுவார்.

பாடல்களுக்குப் பாவேந்தரின் 'இளைஞர் இலக்கிய'மும் பெருஞ்சித்திரனாரின் 'பள்ளிப் பறவைக'ளும் உள்ளன. அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' போன்றவற்றைப் பிறசொற் கலப்புக் கருதி ஒதுக்கும் தனித்தமிழன்பர் உளர். அது பொருந்தாது. மூன்று அகவைப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது தமிழ் ஓசை; சொற்றூய்மை பின்னே வரும், வரவைக்கவும் வேண்டும். அறிவியல் நாடும் பிள்ளைக்குப் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் இருக்கின்றது. செய்திகள் சில பழமையடைந்திருக்கும். ஆயினும் அறிவியலைத் தமிழில் சிறுவர்க்குச் சொல்ல இயலுமா என்று வினவுவார் வாயை அடைக்க அது போதும்.

இங்கே தனித்தமிழ் நூல் வெளியிடுவார்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிறுவர் நூல் என்று பெயரிட்டு, பொடி எழுத்தில், ஒரு படமுமின்றி, கதையினும் நீண்ட அணிந்துரைகளோடு வெளியிட்டால் எந்தப் பிள்ளை தொடும்? ஆங்கில நூலின் வண்ணத்தைப் பழித்துப் பயனில்லை. மறுபுறம், ஆங்கில வரியை மேலும் அதன் மொழிபெயர்ப்பைக் கீழுமாக அச்சிட்ட இருமொழிப் படநூல்கள் பல, படத்தால் அழகியவை, தமிழால் நொண்டுபவை. தமிழிலேயே எண்ணித் தமிழிலேயே எழுதி, நல்ல ஓவியரிடம் கொடுத்துப் படம் போட்ட நூல்களுக்கு நம்மவர் பொருள் ஒதுக்க வேண்டும். மாநாட்டுப் பந்தற் செலவில் ஒரு பகுதி போதும்.

நூல் கிடைக்கவில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. தியாகராயர் நகரிலிருந்து கோ. இளவழகனார் நடத்திய தமிழ்மண் பதிப்பகம், பாவாணர் நூல்களையும் மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்களையும் தொகுதி தொகுதியாக மீண்டும் அச்சிட்டது. அவர் 2021-இல் மறைந்தார். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப் பகுதி உண்டு. 2011-இல் அக் கட்டடத்தை மருத்துவமனையாக்க அரசு முனைந்தபோது வழக்குத் தொடுத்துக் காத்தனர் மக்கள். காத்தவர்கள் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லவும் வேண்டும்.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி அண்மை ஆண்டுகளில் நந்தனத்தில் நடைபெற்று வருகின்றது. மயிலைக்கும் தியாகராயர் நகர்க்கும் அடையாற்றுக்கும் அது கூப்பிடு தொலைவு. செல்லும் குடும்பத்தினர் தமக்கொரு பையும் பிள்ளைக்கொரு பையும் தனித்தனியே கொண்டு செல்க. பிள்ளையின் பையில் விழும் முதல் நூல் தமிழ் நூலாக இருக்கட்டும். அதனைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். விலை கொடுக்குமுன் அந் நூலின் முதற் பக்கத்தை அங்கேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுக. திக்கினால் இகழற்க, அடுத்த பக்கத்தைத் தந்தை படிக்க. தந்தையும் திக்குவாராயின், அந் நூலில் இரண்டு படி வாங்குக.