மாடித் தண்ணீர் எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

எங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடை வந்த நாள்முதல் என் தந்தைக்கு வேலைக்குக் குறைவில்லை. அவர் கொத்தனார். வீட்டுக் கழிவுநீரைத் தெருக்குழாயில் இணைத்துக் கொடுப்பார். விடுமுறையில் நானும் சிமெண்டு குழைத்ததுண்டு.

விதி எளியது. கழிவுநீர் மட்டுமே அக்குழாயில் போகலாம்; மழைநீர் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பே கட்டாயம். ஆனாலும் வீட்டுக்காரர்கள், "மாடித் தண்ணியையும் அதுலேயே விட்டுடுப்பா" என்பார்கள். மறுத்தால் மறுநாள் வேறு கொத்தனார் வந்துவிடுவார். தந்தையும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார், மறைப்பானேன்?

கழிவுநீருக்கென அளவிட்டுப் போட்ட குழாய் அது. அடைமழையில் மாடி மணலும் சருகும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். ஆள்நுழைவுக் குழி பொங்கும். பிறகு யாரோ ஓர் ஏழையை உள்ளே இறக்குவார்கள். பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவு நின்றபாடில்லை.

ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. ஆகவே குழியின் அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அந்தப் பாடம் நடந்த அன்று தந்தை போட்ட இணைப்புகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழாயை மண் போட்டு மூடுமுன் நகராட்சியார் வந்து பார்க்க வேண்டும். முதல் மழையில் மறுபடியும் பார்க்க வேண்டும். தவறினால் தண்டம் வீட்டுக்காரருக்கே, கொத்தனாரின் கூலியில் கை வைக்கலாகாது.

வீட்டில் இதைச் சொன்னேன். தந்தை ஒன்றும் பேசவில்லை. சென்ற மாதம் ஒரு வீட்டில் முடியாதென்று சொல்லியிருக்கிறார். அந்த வேலை போயிற்று.