வட கொரியா ராக்கெட்டும் நம் ஊர் நேர்த்திக்கடனும்

வடகரை, தென்காசிப் பக்கங்களில் நாம் பேசப் போகும் இடங்களில் சிலர் எழுந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. "வட கொரியாவில் சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை. அங்கே ராக்கெட் விழுந்ததையும் மறைக்கிறார்கள், ஜனங்களைப் பட்டினியும் போடுகிறார்கள். உங்கள் பகுத்தறிவின் லட்சணம் இதுதானா?" என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானது. ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். 1998-ம் வருஷம் ஆகஸ்ட் 31-ந் தேதி அந்நாட்டுச் சர்க்கார் ஒரு ராக்கெட்டை விட்டார்கள். செயற்கைக்கோள் வானத்தில் சுற்றுகிறது என்றும், தலைவர்களைப் புகழும் பாட்டுக்களை அது அங்கிருந்து ஒலிபரப்புகிறது என்றும் உலகத்துக்கு அறிவித்தார்கள். மற்ற நாட்டார் கருவிகளில் கோளும் தென்படவில்லை, பாட்டும் கேட்கவில்லை. 2009-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதியும் இதே கதைதான். கடலில் விழுந்த சாமான் வானத்தில் பாடுவதாகச் சொன்னார்கள்.

பிறகு 2012-ம் வருஷம் வந்தது. ஏப்ரல் 15-ந் தேதி கிம் இல் சுங்கின் நூறாவது பிறந்த நாள். அந்த உற்சவத்துக்கு வாண வேடிக்கையாக ஒரு ராக்கெட் வேண்டுமல்லவா? வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களை வரவழைத்து ஏவுதளத்தையே காட்டினார்கள். 13-ந் தேதி காலையில் விட்ட 'உன்ஹா-3' சில நிமிஷங்களில் உடைந்து மஞ்சள் கடலில் விழுந்தது. சாட்சிகளை வீட்டுக்குள் அழைத்து வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது? கோள் பாதையை அடையவில்லையென்று அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள்.

விழுந்தது ராக்கெட் மட்டுமல்ல. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், பிப்ரவரி 29-ந் தேதி, நெடுந்தூர ஏவுகணைச் சோதனையை நிறுத்தி வைப்பதென்றும், அமெரிக்கா 2,40,000 டன் உணவு கொடுப்பதென்றும் ஏற்பாடாகியிருந்தது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போக வேண்டிய உணவு அது. ராக்கெட்டினால் அதுவும் போயிற்று. 1990-களின் நடுவில் பஞ்சத்தில் பல லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. "ராக்கெட்டா, சோறா?" என்று கேட்க அங்கே ஒரு தாய்க்கு உரிமை இருந்ததா என்பதுதான் நம் கேள்வி.

நிற்க. ராக்கெட் விழுந்ததற்காக நாம் கைகொட்டிச் சிரிக்கவில்லை. அதே வருஷம் டிசம்பர் 12-ந் தேதி அவர்கள் கோளை ஏற்றிவிட்டார்கள். 2023-ல் இரண்டு தரம் விழுந்து, நவம்பரில் மூன்றாம் தரம் ஏறினார்கள். 2024 மே 27-ந் தேதி மறுபடியும் வெடித்தது. வேலை செய்கிறவன் கையில் பிழை வருவது சகஜம். நம் ஸ்ரீஹரிகோட்டாவில் 1979-ம் வருஷம் ஆகஸ்ட் 10-ந் தேதி விட்ட முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டும் வங்காளக் கடலில்தான் விழுந்தது. இரண்டாம் கட்டத்தில் நைட்ரிக் அமிலம் ஒழுகியதே காரணமென்று கண்டுபிடித்தார்கள். தலைவர் சதீஷ் தவான் பத்திரிகைக்காரர்கள் முன் தாமே உட்கார்ந்து பொறுப்பேற்றார். அடுத்த வருஷம் ஜூலை 18-ந் தேதி கோள் ஏறியபோது, ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாமைப் பேசச் சொல்லி முன்னே விட்டார்.

இன்னும் அருகில் வருவோம். நம் மலைத்தொடரின் தெற்கே மகேந்திரகிரியில், திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் கொண்டு ஓடும் எஞ்சின் பாகத்தை 2023 ஜூலையில் சோதித்தார்கள். 4.5 விநாடிக்குத் திட்டம். இரண்டாவது விநாடியிலேயே டர்பைனில் அழுத்தம் எகிறியதால் நிறுத்திவிட்டார்கள். அதை ஊரறியச் சொன்னார்கள். 2025 மார்ச் 28-ந் தேதி சோதனை வெற்றியாயிற்று. பிழையை வெளியே சொன்னதால் யாருடைய மானமும் கப்பலேறிவிடவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். "சாமி இல்லை" என்று வாயால் சொல்லிவிட்டால் பகுத்தறிவு வந்துவிடுமா? கிம் இல் சுங் 1994-ல் செத்தார். 1998-ல் அவரையே என்றென்றைக்கும் ஜனாதிபதி என்று சட்டத்தில் எழுதினார்கள். அவர் பிறந்த வருஷத்திலிருந்து ஆண்டுக்கணக்கு வைத்தார்கள். மகன் கிம் ஜோங் இல் பிறந்தபோது பேக்து மலைமேல் வானவில்லும் புது நட்சத்திரமும் தோன்றினவாம். சோவியத் தஸ்தாவேஜுகளோ அவர் பிறந்தது சோவியத் மண்ணில் என்கின்றன. இப்போது பேரன் ஆளுகிறார். தோழர்களே, இதற்குப் பெயர் நாஸ்திகமா? அவதாரம், ஸ்தல புராணம், பரம்பரை டிரஸ்டி, உற்சவம் எல்லாம் இருக்கின்றன. கோயில் என்ற பெயர்ப்பலகை ஒன்றுதான் இல்லை.

நம் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நேர்த்திக்கடன் நேருகிறோம். பிழைத்தால் சாமி காப்பாற்றியது. செத்தால் விதி, அல்லது நம் பக்தியில் குறை. எப்படிப் போனாலும் சாமிக்குத் தோல்வியே கிடையாது. கடலில் விழுந்த கோள் வானத்தில் பாடுகிறது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மகேந்திரகிரியின் பெருமையைப் பேசும் நாம், ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் பெருமாள் முன் வைக்கும் வழக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. வைத்த பின் ஏறியவையும் உண்டு, விழுந்தவையும் உண்டு. விழுந்தால் பெருமாளிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வால்வையும் எஞ்சினையும்தான் கழற்றிப் பார்க்கிறார்கள். வேலை எதனால் நடக்கிறதென்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடைசியாக நமக்கும் சேர்த்தே ஒரு வார்த்தை. சாமி படத்தை இறக்கிவிட்டு அதே ஆணியில் தலைவர் படத்தை மாட்டி, அவர் சொன்னதையெல்லாம் கேள்வியின்றி ஏற்கிற தோழர் வட கொரியாவுக்குப் பாதி வழி போய்விட்டார். கட்-அவுட்டுக்குப் பாலூற்றுகிறவர் முக்கால் வழி போய்விட்டார். நம் இயக்கத் தலைவர் சொன்னாலும், இந்தப் பத்திரிகை எழுதினாலும், நாம் இங்கே எழுதியதே ஆனாலும், "ஏன்? எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உங்களைப் பார்த்துக் கேட்க விடுங்கள். அதற்குக் கோபம் வருமானால், கொரியாக்காரனைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.