கிழங்குக் காட்டுத் தாய்க்கும் விடுப்பு வேண்டும்

மரவள்ளி பிடுங்கும் காலத்தில் தருமபுரி மாவட்டம் பொம்மிடியைச் சுற்றியுள்ள காடுகளில் வரப்போர மரக்கிளையில் புடவைத் தூளி தொங்கும். உள்ளே கிடப்பது மூன்று மாதக் கைக்குழந்தை. ஆட்டிவிடுவது அதன் அக்கா. அம்மா கிழங்கு பிடுங்கிக்கொண்டிருப்பாள். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை.

அதே ஊர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை முதல் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. அதுவும் எல்லோருக்கும் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைக் காட்டி, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டதால் நம் மாவட்ட ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 மே 23 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. தருமபுரிப் பெண் ஒருத்தி நாட்டுக்கே பெற்றுத்தந்த தீர்ப்பு இது.

அந்த உரிமை கிழங்குக் காடு வரை வரவில்லை. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வார விடுப்பு, நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான். கூலிப் பெண்ணுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய நல்ல திட்டம்; இன்று 18,000. அதில் பணமாக வருவது 14,000. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் இருந்த 336 ரூபாய்க் கூலியில் கணக்குப் போட்டால் 42 நாளைக்குக்கூட எட்டாது.

சட்டம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். ஸ்வீடனில் குழந்தைக்கு 480 நாள் விடுப்பு. அதில் 90 நாள் தகப்பனுக்கே உரியது, அவர் எடுக்காவிட்டால் வீணாகும். ஆகவே அங்கே ஆண்கள் பிள்ளை வளர்க்கப் பழகினார்கள். ஜப்பானில் தகப்பனுக்குத் தாராளமான விடுப்பு இருந்தும், அலுவலகம் முகம் சுளிக்கும் என்று வெகுகாலம் பெரும்பாலோர் எடுக்கவில்லை. அமெரிக்காவில் 1993 சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வாரம்.

நம் வழக்கம் என்ன? தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. முதல் சில மாதம் தகப்பன் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. பெற்றோர் வேலைக்காகத் திருப்பூருக்கு ரயில் ஏறினால் பிள்ளை பாட்டியின் பொறுப்பு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வரவேண்டியிருந்த மாவட்டமும் இதுதான். தாய்மையை வாயாரப் புகழ்ந்தபடியே அதன் பாரம் முழுவதையும் பெண்கள் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

நாம் கேட்பது மூன்று. கூலித் தாய்க்கும் 26 வாரக் கூலி. வேலை நேரம் முழுக்கத் திறந்திருந்து, கைக்குழந்தையையும் ஏற்கும் அங்கன்வாடி. தகப்பனுக்குக் கட்டாய விடுப்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்போம். குழந்தை அழும்போது எழுந்து தூக்குவதற்கு எந்த ஆணும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதை இன்றைக்கே தொடங்கலாம்.