சலூன் செலவு இல்லாத ஆடு

திருத்தணிக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்? 'அரைக் கிலோ மட்டன்' என்று சொல்பவர்கள் மன்னிக்கணும், இது உயிரோடிருக்கும் ஆடு பற்றி.

நாரதர் யாகத்தில் கிளம்பிய முரட்டுக் கிடா மூவுலகையும் முட்டித் தள்ளியதாம். முருகன் அதை வெட்டவில்லை. வீரபாகுவை அனுப்பிப் பிடித்து வரச் செய்து, வாகனமாக்கிக் கொண்டார். கந்தபுராணத்தில் 'தகரேறு படலம்' என்று தனியாகவே இருக்கிறது.

2021-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் காட்டில் ஒரு செம்மறி அகப்பட்டது. 'எட்கர்ஸ் மிஷன்' என்ற பண்ணை விலங்குக் காப்பகத்தில் அதற்கு முடி வெட்டினார்கள். அம்மாடி, 35 கிலோ கம்பளி! ஒரு ஸ்கூல் பையனை முதுகில் சுமந்து திரிந்த மாதிரி. மூஞ்சியில் தொங்கிய ரோமத்தில் கண்ணே சரியாகத் தெரியவில்லை. கம்பளிக்கென்றே மனுஷன் உருவாக்கிய ஜாதிக்கு ரோமம் தானாக உதிராது சார். வருஷா வருஷம் கத்தரிக்க ஆள் வேணும்.

நம்ம திருவள்ளூர் ஜில்லா 'மெட்ராஸ் ரெட்' செம்மறிக்கு அந்தத் தொல்லை கிடையாது. குட்டை முடிதான். எல்லை தாண்டினால் நெட்டையான நெல்லூர் ஆடு, அதுவும் அப்படியே. சலூன் செலவு மிச்சம். ஆனால் கம்பளியும் தராத ஆட்டை எதற்கு வளர்க்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

கோயில் பலியைத் தடுக்க 1950-லேயே சட்டம் வந்தது. 2003-ல் கெடுபிடியாக அமல்படுத்தப் போய், ஏக எதிர்ப்பு. 2004-ல் சட்டமே வாபஸ். ஆட்டிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

சரி, வெட்டாமல் விட்டாச்சு. செம்மறி பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். தீனி, குளம்பு வெட்ட ஆள், குடற்புழு மருந்து, மழைக்கு ஒதுங்கக் கொட்டகை... இத்தனையும் யார் தலையில்?