உங்களுக்கு ஓஃப் ரோட், எங்களுக்கு ரோடு

நீண்ட விடுமுறை வந்தா போதும், கொடகவெலப் பக்கம் ரோட்டுல ஓடுற வண்டிகளே மாறிடும். மற்ற நாள்ல எம்பிலிப்பிட்டிய பஸ், மரக்கறி லொறி, ஓட்டோ, இவ்வளவுதான். போயாவும் வெள்ளிக்கிழமையும் ஒட்டி வந்துட்டா கூரையில பெட்டி கட்டின ஜீப்புகளும் பளபளன்னு கழுவின எஸ்யூவிகளும் வரிசையா றக்குவானைக்கு ஏறும். அங்க இருந்து புளுத்தொட்ட கொண்டை ஊசி வளைவுகள், சூரியகந்த, தெனியாய. ஏ 17 வீதியோட நின்னாப் பரவாயில்ல. பக்கத்துல பிரிஞ்சு தேயிலை மலைக்குள்ள போற கல்லு ரோடுகள்தான் அவங்க தேடி வர்றது. மறுநாள் யூடியூப்பில தலைப்பு: 'யாரும் போகாத காட்டுப் பாதை'.

யாரும் போகாத பாதையா? காலையில 6 மணிக்கே அந்த ரோட்டுல பிரட்டுக்கு ஆள் போகுது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொழுந்து லொறி, கிளினிக் போற கர்ப்பிணிகள். கோப்பிக் காலத்துல இருந்து நம்ம ஆளுங்க வெட்டின ரோடு அது, மாட்டு வண்டி ஏறுற சரிவைக் கணக்குப் பண்ணிப் போட்டது.

வராதீங்கன்னு நான் சொல்லல. நானும் இந்த ரோடுகளுக்கு ஆசைப்பட்டவன்தான். கொழும்புல, கட்டார்ல உழைச்சு ஒரு வெசலோ ஜிம்னியோ வாங்குற நம்ம தோட்டத்துப் பொடியன்களும் இப்ப இந்தக் கூட்டத்துல இருக்காங்க, நல்ல விஷயம். நான் சொல்ல வர்றது வேற. 'பாதுகாப்பான பயணம்'னு எழுதுறவங்க வண்டிக்குள்ள இருக்கிற நாலு பேரோட பாதுகாப்பை மட்டும்தான் கணக்கெடுக்கிறாங்க. இங்க அந்தக் கணக்கு சரிவராது. வண்டி போன பிறகும் அந்த ரோட்டுல ஆள் நடக்கணும்.

முதல்ல வண்டியைப் பற்றி. 'ஆல் வீல் டிரைவ்'னு பின்னால ஒரு எழுத்து ஒட்டியிருந்தா எங்கயும் போகலாம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஜிம்னி மாதிரி வண்டிக்கு லோ ரேஞ்ச் கியர் தனியா இருக்கு, அடிப்பாகம் தரையில இருந்து 210 மில்லிமீற்றர் உயரம். நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான ஆல் வீல் கார்கள் அந்த ரகம் கிடையாது. சாதாரணமா முன் சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கினா ஒரு கிளட்ச் பிடிச்சு பின் சக்கரத்துக்கும் கொஞ்சம் பலம் அனுப்பும். மழைக்கால டவுன் ரோட்டுக்கு அது அருமை. சேத்து மேட்டுல பத்து நிமிஷம் சக்கரத்தைச் சுத்தவிட்டீங்கன்னா அந்த கிளட்ச் சூடாகி, பல கார்கள்ல தானாவே பின் சக்கரத்தை விட்டுடும். பாதி மேட்டுல உங்ககிட்ட மிஞ்சுறது சாதாரண முன் சக்கரக் கார்.

அதைவிடப் பெரிய விஷயம் இறக்கம். நாலு சக்கரமும் இழுக்கிறது ஏத்தத்துக்குத்தான் உதவும். பிரேக் எல்லாக் கார்லயும் நாலு சக்கரத்துக்கும்தான் பிடிக்குது, அதுல ஆல் வீல் காருக்குத் தனி வரம் ஒண்ணும் இல்ல. சாதாரணக் கார் பாதியிலயே வழுக்கி 'போதும்'னு சொல்லிடும். ஆல் வீல் கார் உங்களை உச்சி வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு, இறங்கும்போது கைவிடும். பாசி பிடிச்ச கல்லு ரோட்டுல இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாலயே சின்ன கியருக்கு மாத்துங்க. ஓட்டோ கியர்னா 'எல்' அல்லது 'பி'. பிரேக் வாசம் வந்தா நிப்பாட்டி ஆற விடுங்க, சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க. டயர் நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா இருக்கணும். காசைப் பார்த்து ரெண்டு ரெண்டா மாத்துறது நம்ம பழக்கம். ஆனா ஆல் வீல் கார்ல முன்னும் பின்னும் டயர் சுற்றளவு வித்தியாசப்பட்டா அந்த கிளட்ச் சும்மா ஓடும்போதே தேய ஆரம்பிச்சிடும்.

வழி கேக்கிறதுலயும் ஒரு வித்தை இருக்கு. கூகுள் மேப் குறுக்குப் பாதையையும் ரோடுன்னு காட்டும், கொழுந்துக் கூடையோட ஒரு ஆள் மட்டும் நடக்கிற பாதையா அது இருக்கும். அதனால லயத்துல இறங்கிக் கேளுங்க. ஆனா "அண்ணே, இதுல வண்டி போகுமா?"ன்னு கேட்டீங்கன்னா "போகும் தம்பி, போகும்"னுதான் சொல்வாங்க. வந்த ஆளை ஏமாத்தி அனுப்ப மனசு வராது. "நேத்து இதுல என்ன வண்டி போச்சு?"ன்னு கேளுங்க. "டிரக்டர் போச்சு"ன்னா உங்க கார் போகாது. "போன மாசம் ஒரு ஜீப் வந்துச்சு"ன்னா திரும்பிடுங்க. கொழுந்து லொறி எத்தனை மணிக்கு வரும்னும் கேட்டு வச்சுக்குங்க. ஒத்தையடி ரோட்டுல அதுக்கு எதிர்ல போய் நின்னா, பின்னாலயே ஓட்ட வேண்டியது நீங்கதான், அரை மைல் தூரம்.

மழைக்கு வருவோம், இதுல விளையாட்டே இல்ல. 2017 மே மாசக் கடைசியில இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மாவட்டங்கள்ல வெள்ளத்துலயும் மண்சரிவுலயும் 200 பேருக்கு மேல செத்தாங்க. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி பதுளை மாவட்டம் மீரியபெத்தயில லயங்கள் மேலயே மலை இறங்குச்சு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு இதுதான்: 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் மழை பெய்ஞ்சா கவனமா இருக்கணும், 100 தாண்டினா ஆபத்து, 150 தாண்டினா வெளியேறணும். சிங்கராஜப் பக்கம் வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்குக் குறையாம பெய்யிற இடம். இங்க 75 ஒரு பின்னேர மழையிலயே வந்துடும்.

அதனால வர்றதா இருந்தா ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் வாங்க, அதுவும் காலையில வாங்க. மலையில புதுசா வெடிப்பு, சாய்ஞ்ச மரம், தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்கி வர்றது, இதுல ஒண்ணைக் கண்டாலும் திரும்புங்க. சப்பாத்துப் பாலத்து மேல தண்ணி ஓடுதுன்னா வண்டி எவ்வளவு உசரம்னு பார்க்காதீங்க. வேகமா ஓடுற தண்ணி முழங்காலுக்குக் கீழ, ஒரு அடி இருந்தாலே சின்னக் காரை மிதக்க வைக்கும். ரெண்டு அடின்னா உங்க ஜீப்பும் போயிடும். தண்ணி வடியிற வரைக்கும் பக்கத்து லயத்துல பிளேன்டீ குடிச்சுக்கிட்டு உட்காருங்க, யாரும் விரட்டமாட்டாங்க.

எனக்குக் கோபம் வர்ற இடம் இனித்தான். ஈர ரோட்டுல சக்கரத்தைச் சுத்தவிட்டு சேறு பறக்கிறதைப் படம் எடுக்கிறாங்க இல்லையா, அந்தத் தடம் அப்படியே கிடக்கும். அடுத்த மழைக்கு ஓரத்துக் கான்ல போக வேண்டிய தண்ணி அந்தத் தடத்துல ஓடும். ரெண்டு மழையில ரோட்டு நடுவுலயே ஒரு கான் வெட்டின மாதிரி ஆகிடும். அதைச் சரிபண்ண யார் வருவா? கம்பனி பிரதேச சபையைக் காட்டும், பிரதேச சபை கம்பனியைக் காட்டும். பிரதேச சபைச் சட்டத்தை 2018ல திருத்துற வரைக்கும் தோட்டத்துக்குள்ள சபை வேலை செய்றது சட்டப்படியே சிக்கலா இருந்துச்சு. திருத்தின பிறகும் காசு இல்லைன்னு ஒரு பதில் எப்பவும் தயாரா இருக்கு. இதுக்கு நடுவுல ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு 1990க்கு அடிச்சா, ஆம்புலன்ஸ் கல்லு ரோடு தொடங்குற இடத்துல நிக்கும். அங்க வரைக்கும் ஆளைத் தூக்கிக்கிட்டுப் போகணும். உங்களோட முப்பது செக்கன் வீடியோ அந்தத் தூரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுது.

வண்டி புதைஞ்சா நம்ம பொடியன்கள் ஓடி வந்து தள்ளுவாங்க, அது அவங்க குணம். அவங்களைச் சுத்துற சக்கரத்துக்கு நேர் பின்னாலயோ, ஏத்தத்துல வண்டிக்குப் பின்னாலயோ நிக்க வைக்காதீங்க. கயிறு கட்டி இழுக்கிறதா இருந்தா காரோட வந்த கொக்கியை மாட்டுங்க, பம்பர்ல கட்டாதீங்க. எல்லாரையும் கயித்து நீளத்துக்கு மேல தள்ளி நிக்கச் சொல்லுங்க. அறுந்த கயிறு சாட்டை மாதிரி வரும், கொக்கியோட வந்தா உயிரையே எடுக்கும். தள்ளினவங்களோட நேரத்துக்குக் காசு குடுங்க, ஒரு 500 ரூபாய்த் தாளை நாலு பேருக்குப் பொதுவா நீட்டிட்டுப் போறது அசிங்கம்.

தேயிலை முடிஞ்சு காடு தொடங்குற இடத்துல உங்க வண்டியும் நிக்கணும். சிங்கராஜ 1988ல இருந்து உலக மரபுரிமை. குடவ, பிட்டதெனிய, மோர்னிங்சைட், எந்த வாசலால போனாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துல டிக்கட் எடுத்து வழிகாட்டியோட நடக்கிறதுதான் முறை. மோர்னிங்சைட் காட்டுல 1998ல விவரிக்கப்பட்ட ரெண்டு வகைக் கொம்பு ஓணான் இருக்கு. அதுல ஒண்ணு அந்த மலைத்தொடரை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்ல. விரல் நீளம்கூட வராது. ஜீப் சீட்டுல இருந்து பார்த்தா சருகுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது, டயருக்கும் தெரியாது. ராத்திரியில சுத்தவே வேணாம். சிங்கராஜப் பக்கம் மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு யானைன்னுதான் சொல்றாங்க, ஆனா அந்த ரெண்டும் லயத்துப் பக்கம் வர்றது ராத்திரியிலதான்.

கடைசி டிவிஷன்ல கோயில் முன்னால இடம் இருந்தா கேட்டுட்டு வண்டியை விடுங்க. உப்பும் சவர்க்காரமும் எடுத்துக்குங்க, அட்டை நிறைய. போன் சிக்னல் அங்கயே போயிடும். எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு லயத்துல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் அவங்ககிட்டயே போய் வந்துட்டோம்னு சொல்லிடுங்க, இல்லைன்னா ராத்திரி டோர்ச் எடுத்துக்கிட்டு உங்களைத் தேடப் போவாங்க.