கண்ணுக்கு அழகு, முட்டிக்கு வலி

"கிச்சன் என்ன சுத்தமா இருக்கு!" என்று நாம் பாராட்டுவது எதை? ஒரு பாத்திரம்கூடக் கண்ணில் படாததை. மேடை காலி, சுவர் காலி, எல்லாம் பளபளக்கும் கதவுகளுக்குப் பின்னால். இதற்குப் பெயர் சுத்தம் இல்லை, ஒளித்து வைப்பது. சண்டைக்கு வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் :-)

முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, சுவரில் மாட்டியிருந்த எவர்சில்வர் ஸ்டாண்டைக் கழற்றச் சொன்னது நான்தான். "ஹோட்டல் மாதிரி இருக்கும்மா" என்றேன். அப்பாவும் தலையாட்டினார். சமைக்கவே சமைக்காத இரண்டு பேர் சேர்ந்து, சமைப்பவருக்கு எது எங்கே என்று முடிவு செய்தோம். கொஞ்சம் பாத்திரம் மேடைக்கு அடியில் போனது, மிச்சம் பரணுக்குப் போனது.

போன மாதம் லீவில் ஒரு நாள் காலை சும்மா உட்கார்ந்து எண்ணினேன். காபி முதல் டிபன் முடியும்வரை அம்மா 23 முறை குனிந்தார். குக்கர் அடித்தட்டில், பின்வரிசையில் இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு குண்டானை வெளியே வைத்தால்தான் அதை எடுக்க முடியும். ஐந்து லிட்டர் குக்கர் காலியாகவே சுமார் இரண்டு கிலோ. அம்மாவுக்கோ முட்டி வலி. சரி, கைக்கெட்டும் மேல் அலமாரியில் என்ன இருக்கிறது? வருடத்துக்கு இரண்டு தடவை விருந்தாளிக்காக எடுக்கும் கண்ணாடிக் கிண்ணங்கள்!

நிற்க. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் பாட்டி, 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை. மொத்தமே சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அவர் போட்டது அழகுக் கணக்கு இல்லை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் கை நீட்டுகிறார் என்ற கணக்கு. உட்கார்ந்து நறுக்க ஸ்டூல்கூட உண்டு. பேத்தி கதவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கைத் தொலைத்துவிட்டாள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் அஞ்சறைப்பெட்டியைப் பாருங்கள். ஒரு மூடியைத் திறந்தால் தாளிக்க வேண்டியதெல்லாம் கையருகே. கடுகைக் கீழேயும் சீரகத்தைப் பரணிலும் யாராவது வைக்கிறோமா? பாத்திரத்துக்கும் அதே நியாயம்தானே! தினம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். கனமானது மேடை உயரத்தில். இரும்பு தோசைக்கல்லை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, தனியாக நிறுத்தி வைக்க வேண்டும். நான்ஸ்டிக்கை அடுக்கினால் நடுவில் ஒரு துணி. ஈயச்சொம்பின் மேல் எதையும் ஏற்றக் கூடாது; வெள்ளீயம் மெத்தென்றது, நசுங்கிவிடும்.

"வெளியே வைத்தால் தூசி படியுமே, பூச்சி ஏறுமே?" தினம் கழுவும் பாத்திரத்தில் தூசி படிய நேரம் ஏது? தூசி படிவது எடுக்காத பாத்திரத்தில். கரப்பானுக்குப் பிடித்தது இருட்டும் ஈரமும். ஈரப் பாத்திரத்தை உள்ளே திணித்துக் கதவைச் சாத்தி, இரண்டையும் நாம்தான் ஏற்பாடு செய்து தருகிறோம்.

கடைசியாக ஒன்று. எனக்கு இடியாப்பம் என்றால் உயிர். வீடு புதுசானதிலிருந்து அது எங்கள் வீட்டில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா சொன்னார்: "அச்சு பரண்ல இருக்குடா. யாரு ஏறி எடுக்கறது?" அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு பாத்திரம் பரணுக்குப் போனால், கூடவே ஒரு பலகாரமும் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை, குனிந்து ஏறி ஓய்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

பழைய ஸ்டாண்டு எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. லீவு முடிந்து கிளம்புவதற்கு முன் புதுசு ஒன்று வாங்கி மாட்டினேன். எதை எங்கே வைப்பது என்பது பற்றி நானும் அப்பாவும் இந்த முறை வாயே திறக்கவில்லை. உங்கள் வீட்டிலும், சமைக்காதவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு சுத்தியலை மட்டும் எடுங்கள்.